இரு ரெயில் இணைத்து நெடும்பலகை அறுத்த எங்கள் பெரிய சம்பந்திக்கு

மரத்தின் மனமறிந்த மாண்பாளரே! நூலிழை பிசகாத நோக்கினரே! நெடும்பலகையை நேர்பட அறுப்பதில் நிகரற்றவரே! பட்டறைக்குப் பெருமையாய், பணியாளர்க்குத் துணையாய்ப் பல்லாண்டு நின்று, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பெரிய சம்பந்தி அவர்களே! தங்களுக்கு எங்கள் தலை தாழ்ந்த வணக்கம்.

இதுவரை வாசித்ததை எழுதித் தந்தவர் மெருகுப் பிரிவுக்காரர். வழவழப்பு அவருடைய தொழில். இதற்குமேல் எழுதியவர் ஸ்டோர் அக்கா. ஆணியும் திருகும் அள்ளிக் கொடுத்துப் பழகிய கை அது. ஆகவே இனி வருவதில் ஆங்காங்கே சிராய் குத்தலாம். தாங்கள் பொறுத்தருள வேண்டும். குத்தும் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்.

தங்கள் பணிச்சிறப்பைச் சொல்லப் புகுந்தால் பொழுது போதாது. தாங்கள் பொருத்திய கதவு, விட்ட இடத்தில் நிற்கும், காற்றுக்கும் அசையாது. தாங்கள் செய்த இழுப்பறை ஒற்றை விரலுக்கு வழிவிட்டு வரும். வாடிக்கையாளர் எத்தனை முறை மனம் மாறினாலும் தாங்கள் முகம் மாறியதில்லை. கோபம் வந்தாலும் தாங்கள் யாரையும் ஏசியதில்லை. உளியை எடுத்துத் தீட்டத் தொடங்கிவிடுவீர்கள். தங்கள் உளிகள் ஆண்டு முழுவதும் கூராகவே இருந்தன என்பதையும் இவ்விடத்தில் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

ஆயினும் இன்று எங்கள் நெஞ்சில் முதலில் வந்து நிற்பது பெருமையுமன்று, பிரிவுத் துயருமன்று. நிம்மதி. அப்பாடா என்று மூச்சு விடுகிற நிம்மதி. ஓய்வு பெறுகிற மனிதரின் முகத்துக்கு நேரே நிம்மதி என்று சொல்வது முறையா என்று மெருகுக்காரர் கேட்டார். காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் முறைதான் என்றார் அக்கா. அந்தக் காரணத்தை, இந்த அவைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கும் விளங்கும்படி, முதலிலிருந்து சொல்கிறோம்.

எங்கள் பட்டறையில் எதிரெதிர் மேசைகளில் நின்று வேலை பார்த்த இரு தச்சர்கள் தாங்களும் சின்ன சம்பந்தியும். தங்கள் மகனுக்கு அவருடைய மகளைத் தாங்கள் கேட்டது டீ இடைவேளையில். அவர் சரி என்றது டீ ஆறுவதற்குள். அன்றுமுதல் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்று அழைக்க, நாங்களும் மூத்தவரைப் பெரிய சம்பந்தி என்றும் இளையவரைச் சின்ன சம்பந்தி என்றும் அழைக்கப் பழகிவிட்டோம். பிறகு பேச்சு நின்றுபோனது. பெயர் மட்டும் நிற்கவில்லை.

பேச்சு நின்றது ஒரு சாப்பாட்டு மேசையால். கல்யாணப் பரிசாகப் பிள்ளைகளுக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்காரும்படி ஒரு நீண்ட மேசை செய்வது என்று இருவரும் முடிவு செய்தீர்கள். ஒட்டுப் போடாத ஒரே பலகை. அதன் ஓரத்தை நேராக அறுக்க வேண்டும். நாங்கள் அறுப்பது ரெயில் வைத்து: பலகைமேல் அலுமினிய ரெயிலைக் கிடத்தினால், ரம்ப மெஷின் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், ரெயில் நேரென்றால் வெட்டும் நேர். ஆனால் ஒரு ரெயில் ஒரு கதவின் நீளத்துக்குத்தான் போதும். அதைவிட நீளம் வேண்டுமென்றால் இரண்டு ரெயில்களை முனைக்கு முனை வைத்து, அடியில் இணைப்புப் பட்டை செருகி, திருகி இறுக்க வேண்டும். வில்லங்கம் எல்லாம் அந்த மூட்டில்தான். அங்கே ஒரு முடி அளவு கோணினால் கடைசியில் ஒரு விரல் அளவு விலகி நிற்கும்.

முனையோடு முனை ஒட்ட நெருக்கிவிட வேண்டும் என்பது சின்ன சம்பந்தியின் கட்சி. ஒரு தாள் நுழைய இடைவெளி விட வேண்டும், நெருக்கினால் ரெயில் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும் என்பது தங்கள் கட்சி. திருகை நன்றாக இறுக்க வேண்டும் என்பீர்கள் தாங்கள். பிடிக்கிற அளவுக்கு இறுக்கினால் போதும் என்பார் அவர். அன்று ஒருவாறு இணைத்து, அறுத்து, ரெயிலைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் சாப்பிடப் போனீர்கள். வந்து பார்த்தால் வெட்டிய ஓரம் நடுவில் உள்வாங்கி இருந்தது.

"நீங்க முனைய நெருக்கிட்டீங்க, ரெயில் திரும்பிடுச்சு," என்றீர்கள் தாங்கள்.

"நீங்க திருக முறுக்கிட்டீங்க, மூட்டு நகர்ந்துடுச்சு," என்றார் அவர்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. தாங்கள் உளி தீட்டப் போனீர்கள். அவர் ஒரு ரெயிலைத் துணியில் சுற்றித் தம் மேசைக்கடியில் வைத்தார். மற்றது தங்கள் மேசைக்கடியில் தங்கிவிட்டது. மேசை, வளைந்த ஓரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடி, பிள்ளைகள் இருக்கும் தங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

பேச்சு நின்றாலும் நீளமான பலகைகள் வருவது நிற்கவில்லை. இரண்டு ரெயில்கள் சேராமல் அவற்றை அறுக்க முடியாது. இரண்டு சம்பந்திகள் சேராமல் ரெயில்கள் சேரா. ஆகவே ஸ்டோர் அக்கா தூது போக நேர்ந்தது. தாங்கள் ஒரு முனையில் மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, ரெயிலின் ஓரத்தை நெடுகப் பார்ப்பீர்கள். அவர் மூட்டருகே நின்று விரலால் தள்ளுவார். இடையில் அக்கா.

"உள்ள தள்ளச் சொல்லும்மா," என்பீர்கள்.

"உள்ள தள்ளச் சொல்றார்," என்பார் அக்கா.

"எவ்வளவுன்னு கேளும்மா."

"எவ்வளவுன்னு கேக்கறார்."

"கொஞ்சம்னு சொல்லு."

இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் அக்கா சொன்னால்தான் அவர் விரல் தள்ளும். அக்கா சொன்னால்தான் நிற்கும். தங்கள் வாயிலிருந்து புறப்பட்ட 'போதும்' அக்கா வாய்வழியாக அவரிடம் போய்ச் சேர்வதற்குள் ரெயில் போக வேண்டிய இடத்தைத் தாண்டியிருக்கும். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. இடையில் யாராவது இருமினால்கூட இருவரும் முறைப்பீர்கள். அக்கா வீட்டுக்குப் போய்த் தம் கணவரிடமும் ஒவ்வொரு வாக்கியத்தையும் "சொல்றார்" என்று முடிக்கத் தொடங்கியதாகக் கேள்வி.

இந்த இடத்தில் சின்ன சம்பந்தியின் பக்கம் போய்க் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. தாங்கள் அறியாத பக்கம் அது; அவர் அனுமதியோடு சொல்கிறோம்.

தாங்கள் ஓய்வு பெறப் போகும் செய்தி வந்ததும் அவர் முதலில் சந்தோஷப்பட்டார். இனி இந்த முறைப்பு இல்லை, இந்தத் தூது இல்லை என்று எங்களிடம் வாய்விட்டே சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறப்பார், கிளறுவார், மூடுவார். உடம்புக்கு என்ன என்று கேட்டால் வெயில் என்பார். மழை பெய்த நாளிலும் வெயில் என்றே சொன்னார்.

ஒரு நாள் மகளைப் பார்க்கப் போனார். தாங்கள் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனார். அப்போது மகள் சொன்னாள்: "பட்டறையிலயாவது அந்த ரெயில் இருக்குப்பா. அதச் சாக்கா வச்சு ரெண்டு பேரும் ஒரே பலகைகிட்ட நிக்கிறீங்க. மாமா வீட்டோட உக்காந்துட்டா அதுவும் இல்ல. அப்புறம் எனக்கு அப்பா ஒரு நேரத்துல வருவாரு, மாமா ஒரு நேரத்துல வெளிய போவாரு. அப்படியே போயிடும்."

அவர் எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் அதே நினைப்பு. தங்களைப் போல அவருக்கு இன்னொரு நண்பர் வாய்க்கவில்லை. அது அவருக்குத் தெரியும். தங்களோடு பேச அவருக்கு ஆசைதான். ஆனால் முதலில் வாய் திறப்பவர் வளைந்த ஓரத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டது போலாகிவிடுமே. தம் விரல் தப்பு செய்யவில்லை என்று அவர் உளமார நம்பினார். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு ஒரு நட்பை மீட்பதா, மீட்காமல் இப்படியே விட்டுவிடுவதா என்று தெரியாமல் அல்லாடினார்.

இந்த நிலையில்தான் நூலகத்து வாசிப்பு மேசைக்கான பலகை வந்து இறங்கியது. தாங்கள் அறுக்கவிருந்த கடைசி நெடும்பலகை. அதே நீளத்தில் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டதற்கு மரக்கடைக்காரர் கையை விரித்துவிட்டார். முதலாளி அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அதன் பக்கமே வராமல் தூரத்தில் நின்றுகொண்டார். அறுக்க வேண்டிய அன்று காலையில் ஸ்டோர் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

தூதுக்கு வேறு யாரையாவது அழைத்திருக்கலாம். ஆனால் நாங்கள் அத்தனை பேரும் பலகைக்கு முட்டுக் கொடுப்பதிலும், தரையைப் பெருக்குவதிலும், ஏற்கெனவே செருகியிருந்த பிளக்கைச் சரிபார்ப்பதிலும் மும்முரமாகிவிட்டோம். வேலையில் எங்களுக்கு அப்படியொரு அக்கறை வந்ததைக் கண்டு முதலாளியே திகைத்துப் போனார்.

அகலத்தை அளந்து குறி வைத்தவர் சின்ன சம்பந்தி. வேண்டிய அகலத்துக்கு வெளியே ஒரு விரல் தள்ளி வைத்தார். தாங்கள் திருகை முறுக்கிக் காரியத்தைக் கெடுத்துவிட்டால் மறுபடி அறுக்க இடம் வேண்டுமே என்ற பயம். அவர் நகர்ந்ததும் தாங்கள் வந்தீர்கள். அந்தக் குறிக்கும் வெளியே இன்னொரு விரல் தள்ளி ரெயிலைக் கிடத்தினீர்கள். அவர் முனையை நெருக்கிக் கெடுத்துவிட்டால் இடம் வேண்டுமே என்ற பயம். இருவரும் இதை மற்றவரிடம் சொல்லவில்லை. சொல்லும் வழக்கம்தான் இல்லையே.

பிறகு கண் பார்க்கும் வேலை. தாங்கள் மண்டியிட்டுப் பார்த்து, அக்காவை நோக்கிக் கையை உள்பக்கம் அசைத்தீர்கள். அக்கா சின்ன சம்பந்தியை நோக்கித் தம் கையை உள்பக்கம் அசைத்தார். சின்ன சம்பந்தியோ தங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் மரியாதைக்கு அக்கா கை அசையும்வரை காத்திருந்து தள்ளினார். ஒருவழியாக ரெயில் நேரானது. இரு முனைகளிலும் கிளாம்ப் போட்டு இறுக்கினீர்கள். அக்கா தொண்டைக்கு வெந்நீர் குடிக்கப் போய்விட்டார்.

தாங்கள் மெஷினை ஓட்டினீர்கள். தூசிக் குழாயும் மின்வயரும் ரெயில் முனையில் மாட்டிக்கொள்ளாதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தார். மூட்டைக் கடக்கும்போது இருவரும் மூச்சை அடக்கினீர்கள். எங்களுக்கும் மூச்சு நின்றுதான் வந்தது. மெஷின் தயங்காமல் தாண்டிப் போனது. கடைசிவரை ஓடி நின்றதும், அறுபட்ட கீற்று தனியே கீழே சாய்ந்தது.

வழக்கமாக அடுத்த வேலை ரெயிலைக் கழற்றுவது. தங்கள் முனைக் கிளாம்பைத் தாங்களும் அவர் முனைக் கிளாம்பை அவரும் ஒரே நேரத்தில் தளர்த்த வேண்டும். அதற்குக் 'கழற்றலாம்' என்று ஒரு வார்த்தை வேண்டும். வார்த்தையைச் சுமந்து போக அக்கா இல்லை. தாங்கள் தங்கள் கிளாம்பைப் பிடித்தபடி நின்றீர்கள், அவர் அவருடையதைப் பிடித்தபடி நின்றார். நாங்கள் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தோம்.

அப்போது பலகைக்குள் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

சின்ன சம்பந்தி குனிந்து பார்த்தார். ரம்பம் ஒட்டி ஓடும் ரெயிலின் ரப்பர் ஓரமும் பலகையின் வெட்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தி இருக்க வேண்டும். நடுவில் மட்டும் ரப்பர் வெளியே எட்டிப் பார்த்தது. வெட்டு உள்வாங்கி இருந்தது. போச்சு, மறுபடியும் அதே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. கடைசிப் பலகையும் இப்படி ஆகிவிட்டால் இனி ஆயுசுக்கும் பேச்சில்லை என்று நினைத்துக்கொண்டே, எதற்கும் பார்ப்போம் என்று ரெயில் ஓரத்தில் கண்ணை வைத்து நெடுகப் பார்த்தார். ரெயில் நேராக இருந்தது. மூட்டும் நேராக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகைதான் அடியில் மெல்லப் பின்வாங்கியது.

மரத்துக்குள் முறுக்கு இருந்திருக்கிறது. ஓரத்தை அறுத்து எடுத்ததும் பிடி விட்டுப்போய், பலகை தன் இஷ்டத்துக்கு வளைந்துகொண்டது. இது தச்சு வேலையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் குற்றம் சொல்ல எதிரே ஒரு ஆள் நிற்கும்போது மரத்தை யார் நினைக்கிறார்கள்? சாப்பாட்டு மேசை அறுத்த அன்று ரெயிலைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். வந்து பார்த்தபோது எது வளைந்தது என்று காட்டிக்கொடுக்க ரெயில் அந்த இடத்தில் இல்லை. இம்முறை கழற்றச் சொல்ல ஆளில்லாததால் அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"சம்பந்தி, இங்க வந்து பாருங்க," என்றார் அவர்.

யார் முதலில் பேசுவது என்ற கணக்கெல்லாம் அப்போது அவர் நினைவில் இல்லை. பேசிவிட்டோம் என்பதே பேசி முடித்த பிறகுதான் உறைத்ததாம். தாங்கள் வந்தீர்கள். மண்டியிட்டீர்கள். ஒற்றைக் கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு ரப்பருக்கும் வெட்டுக்கும் நடுவே விரலை ஓட்டினீர்கள்.

"மரம்," என்றீர்கள்.

"மரம்தான் சம்பந்தி."

"அப்ப அன்னிக்கும்?"

"அன்னிக்கும் மரம்தான்."

தாங்கள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆனா அன்னிக்கு நான் கொஞ்சம் நெருக்கினேன்," என்றார் அவர்.

"நானும் கொஞ்சம் முறுக்கினேன்," என்றீர்கள் தாங்கள்.

இருவரும் சிரித்த சிரிப்பில் முதலாளி ஓடி வந்தார். பலகை போனதால் இருவருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார். வெந்நீர் டம்ளரோடு திரும்பி வந்த அக்கா, நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைக் கண்டார். பழக்க தோஷத்தில் எதையோ எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் விட்ட பெருமூச்சுக்கு மேசைமேல் இருந்த மரத்தூள் பறந்தது. கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டார். நாங்கள் நம்பியது போலவே இருந்துவிட்டோம்.

பலகைக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி அகலத்தை அளந்தார். இரண்டு விரல் மிச்சம் இருந்தது. எப்படி என்று கேட்டார். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தீர்கள். அவர் காதைச் சொறிந்தார், தாங்கள் தொண்டையைச் செருமினீர்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த சந்தேகம் பட்டறைக்கு நன்மை செய்தது அந்த ஒரு முறைதான்.

வளைய வேண்டியது வளைந்து முடியட்டும் என்று பலகையை மறுநாள்வரை படுக்கப் போட்டு, மீண்டும் ரெயில் இணைத்தீர்கள்.

"உள்ள."

"இவ்வளவா?"

"இன்னும் ஒரு முடி."

"இப்ப?"

"போதும்."

அக்கா ஒரு வாய் டீ குடித்துக் கீழே வைப்பதற்குள் கண் பார்க்கும் வேலை முடிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் இதற்கா அரைப் பொழுதைச் செலவழித்தோம் என்று எங்களுக்கு ஆற்றாமையாக இருந்தது. அறுத்த ஓரத்தில் நேர்ச்சட்டத்தை வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எங்கும் வெளிச்சம் கசியவில்லை.

அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை. நெருக்குவதா இடைவெளி விடுவதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை; ஆனால் வாதி பிரதிவாதி இருவரும் நேரிலேயே வாதாடிக்கொள்கிறார்கள். பேசினால் போதும் என்று ஏங்கிய நாங்கள், கொஞ்சம் மெதுவாகப் பேசக் கூடாதா என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோம். சின்ன சம்பந்தி சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டுத் தங்கள் டப்பாவிலும் கை வைப்பதைக் கண்ணாரக் கண்டோம். பட்டறையில் ரெயில் இல்லாவிட்டால் என்ன, சம்பந்தி வீட்டுக்கு எனக்கு வழி தெரியாதா என்கிறார். இப்போது நேரம் பார்த்துப் போவதில்லை. தாங்கள் இருக்கிறீர்களா என்று மகளிடம் கேட்டுக்கொண்டு போகிறார்.

இதுதான் எங்கள் நிம்மதிக்குக் காரணம். பேச்சற்ற இருவரில் ஒருவரை வழியனுப்பிவிட்டு, மிஞ்சிய ஒருவரின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டி வருமோ என்று அஞ்சியிருந்தோம். அந்தத் துயரம் எங்களுக்கு நேரவில்லை.

நேர்மை நெஞ்சரே! தங்கள் கண்ணொளி குன்றாதிருக்க, கைவலிமை குறையாதிருக்க, மரம் வேண்டுமானால் வளையட்டும், தங்கள் முதுகு வளையாதிருக்க, உண்பது செரித்து, உறங்குவது இனித்து, உற்றார் புடைசூழ, நோய்நொடி அணுகாத நெடுவாழ்வு தாங்கள் வாழ வேண்டுமென மனமார வாழ்த்துகிறோம். உளிகள் இனி மழுங்கிக் கிடக்கட்டும் என்பது எங்கள் தனி வேண்டுகோள்.

இம்மடலின் இறுதி வரியைச் சின்ன சம்பந்தியின் வாழ்த்தாக அமைக்க விரும்பினோம். தங்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறார், அதை அப்படியே எழுதிச் சேர்த்துவிடுகிறோம் என்று ஸ்டோர் அக்கா அவரிடம் போய்க் கேட்டார்.

"நீ எதுக்கும்மா நடுவுல?" என்றார் அவர். "நானே சொல்லிக்கறேன்."

ஆகவே அந்த வரியை நாங்கள் எழுதவில்லை. இப்போது அவர் எழுந்து தங்களிடம் வருவார். நாங்கள் விலகி வழிவிடுகிறோம்.

தங்கள் மீது மாறாத அன்பும்,
தூதுவேலையிலிருந்து விடுதலையும் கொண்ட,
பட்டறைப் பணியாளர்கள்